மற்றதெல்லாம் வருது, இது மட்டும் வரலை

வீட்டு பிராட்பேண்ட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஃபைபர் அறுந்தால் பயப்படுவதில்லை. ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அவர்களைத் திணறடிப்பது வேறொரு புகார். "யூடியூப் ஓடுது, வாட்ஸ்அப் போகுது. இந்த பேங்க் சைட் மட்டும் வரலை, தம்பி." போய்ப் பார்த்தால் விளக்கெல்லாம் பச்சை. வேகத்தைச் சோதித்தால் கட்டிய பணத்துக்கு உண்டான வேகம் முழுதாக வருகிறது. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கத் தோன்றும்.

எடுக்காதீர்கள். ஒன்று மட்டும் வரவில்லை என்ற புகாரே பாதித் துப்பைக் கையில் கொடுத்துவிடுகிறது. மற்ற தளங்கள் திறக்கின்றன என்றால் கேபிள், கணக்கு, வைஃபை, ரவுட்டரின் அடிப்படை வேலை எல்லாம் பெரும்பாலும் சரி என்று ஆகிவிட்டது. திறக்கிறவற்றைப் பொறுமையாகக் கவனித்தால் திறக்காததற்குக் காரணம் தெரிந்துவிடும். பல வருடம் இந்த வேலையில் இருந்து நான் கற்றது இதுதான். கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

1. புகாரை முழுதாகக் கேளுங்கள்.

எந்தத் தளம், எந்தக் கருவி, ஆப்பா பிரவுசரா, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். திரையில் என்ன எழுதி வருகிறது என்பதை நீங்களே படியுங்கள். "திறக்கலை" என்று வீட்டார் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் இருக்கும். முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் டிஎன்எஸ் பக்கம் பாருங்கள். நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் கடந்துவிட்டது என்று வந்தால் பாக்கெட்டுகள் வழியில் எங்கோ விழுகின்றன. இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் அந்த முனையிலிருந்தோ, இடையில் இருக்கும் ஒரு தடுப்பிலிருந்தோ பதில் வந்திருக்கிறது. 403, 502, 503 போன்ற எண்கள் வந்தால் பெரும்பாலும் உங்கள் பாக்கெட் தளத்தின் வாசல்வரை போய்ப் பதிலோடு திரும்பியிருக்கிறது. அதில் 502, 503 வந்தால் கோளாறு அவர்கள் பக்கம். அந்தச் செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் எழுதும்போது கை கொடுக்கும்.

2. ரீசெட் ஓட்டையில் ஊசியை நுழைக்காதீர்கள்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீஸ்டார்ட் செய்தால் ரவுட்டர் அணைந்து எழும். அமைப்புகள் அப்படியே இருக்கும். ரீசெட் செய்தால் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் எண், வைஃபை பெயர் எல்லாம் அழிந்துபோகும். வீட்டில் உள்ள டிவி, கேமரா, பிரிண்டர் ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டும். ஒரு தளம் வராமல் இருந்த வீட்டில் ஒன்றுமே வராமல் போய்விடும். ரீஸ்டார்ட்டைக்கூட உடனே செய்யாதீர்கள். முதலில் ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, அதற்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரி, டிஎன்எஸ் முகவரி, எவ்வளவு நேரமாக இணைப்பில் இருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட்டில் கோளாறு போய்விட்டாலும், என்ன மாறியதால் போனது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பு வேண்டும்.

3. மூன்று சோதனையில் பாதையைத் துண்டாடுங்கள்.

முதலாவது, அதே போனில், அதே ஆப்பில், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். இரண்டாவது, அதே வைஃபையில் வேறொரு கருவியில் பாருங்கள். மூன்றாவது, அதே கருவியில் பிரவுசரின் மறைநிலைச் சன்னலில் பாருங்கள்.

மொபைல் டேட்டாவிலும் வரவில்லை என்றால் தளமோ, அந்தக் கருவியோ, வாடிக்கையாளரின் கணக்கோ காரணம். வைஃபையில் எல்லாக் கருவியிலும் மறுத்து, மொபைல் டேட்டாவில் வந்தால் கோளாறு ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரையிலான தடத்திலோ, அதற்கு அப்பாலோ இருக்கிறது. ஒரு கருவியில் மட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரை விட்டுவிட்டு அந்தக் கருவியைப் பாருங்கள். மறைநிலையில் மட்டும் வந்தால் பழைய குக்கீயோ விளம்பரத் தடுப்பானோ காரணம். லேப்டாப்பைச் சோதிக்க உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டே போதும். ஒன்றை மறக்காதீர்கள்: விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனைகள் எதையும் நம்ப முடியாது. முதலில் அதை அணையுங்கள்.

4. தளமே விழுந்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் 6 மணி நேரம் நின்றன. நமக்கு அப்போது இரவு 9 மணி கடந்திருந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பைத் துண்டித்துவிட்டது. அதன் டிஎன்எஸ் சர்வர்கள், தங்களை அடையும் வழி எது என்று உலகுக்குச் சொல்லும் அறிவிப்பைத் தாமே விலக்கிக்கொண்டன. அன்றைக்கு யார் வீட்டு ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கிளவுட் மையங்களில், ஒரு தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ் பதிவு காலியாகிப்போனது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோலத் தெரியும் எத்தனையோ ஆப்கள் அதனால் ஒரே நேரத்தில் தடுமாறின. எனவே வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் "உனக்கு வருதா?" என்று கேளுங்கள். அவருக்கும் வரவில்லை என்றால் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லி, எதையும் மாற்றாமல் காத்திருக்கச் சொல்லுங்கள்.

5. டிஎன்எஸ்ஸை ஒரே ஒரு கருவியில் மாற்றிப் பாருங்கள்.

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த ஏற்பாடு இன்றும் அதே அடிப்படையில் ஓடுகிறது. ஒருமுறை கேட்ட பதிலைப் பிரவுசர், கருவி, ரவுட்டர், இணைய நிறுவனத்தின் சர்வர் எல்லாம் குறிப்பிட்ட நேரத்துக்குச் சேமித்து வைத்துக்கொள்ளும். தளம் புது முகவரிக்கு மாறிய பிறகும் இவற்றில் ஏதாவது ஒன்று பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தத் தளம் மட்டும் வராது.

ரவுட்டரில் கை வைக்காமல் ஒரு லேப்டாப்பில் மட்டும் டிஎன்எஸ் முகவரியாகக் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். தளம் வந்துவிட்டால் கோளாறு பெயர் தேடுவதில்தான். சேமித்து வைத்த பதில்களை அழித்துவிட்டு, பழைய அமைப்பிலேயே மறுபடி பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் போனிலேயே தனி டிஎன்எஸ் கொடுக்க ஓர் இடம் உண்டு. விளம்பரம் வராமல் இருக்க வீட்டுப் பிள்ளை யாராவது அதில் ஒரு பெயரைப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் போனில் மட்டும் ஏதாவது ஓர் ஆப் அடம்பிடிக்கும். விண்டோஸ் கணினியில் ஹோஸ்ட்ஸ் என்ற சிறு கோப்பையும் திறந்து பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் முகவரிதான் டிஎன்எஸ் சொல்வதற்கு முன்னால் நிற்கும்.

அரசு உத்தரவாலோ நீதிமன்ற உத்தரவாலோ தடுக்கப்பட்ட தளமும் இதே மாதிரி வராமல் போகும். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி மத்திய அரசு அப்படி உத்தரவிட முடியும். இணைய நிறுவனங்கள் அதை நிறைவேற்றியாக வேண்டும். அது பழுதில்லை. இருப்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

6. ஐபிவி6 என்ற இரண்டாவது வழியை மறக்காதீர்கள்.

இப்போது பல வீடுகளுக்கு ஐபிவி4, ஐபிவி6 என்று இரண்டு வழிகளும் வருகின்றன. இரண்டும் உள்ள தளத்துக்குப் பிரவுசர் முதலில் ஐபிவி6 வழியே போகப் பார்க்கும். பதில் வரத் தாமதமானால், கால் விநாடி அளவில் ஐபிவி4 வழியையும் முயலும். நல்ல பிரவுசர்கள் இதைச் சரியாகச் செய்துவிடுவதால் கோளாறு வெளியே தெரியாது. சில டிவிகளிலும் ஆப்களிலும் இந்த ஏற்பாடு இருக்காது. அவை செத்த வழியிலேயே காத்துக் கிடக்கும். லேப்டாப்பில் திறக்கும் தளம் டிவியில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஐபிவி6ஐச் சற்று நேரம் அணைத்துச் சோதிக்கலாம். வந்துவிட்டால் அதோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று நிறுவனத்துக்கு எழுதி, சரியானதும் திரும்பப் போடுங்கள்.

7. பாதியில் நிற்கும் தளத்துக்கு எம்டியு பாருங்கள்.

புதியவர்கள் மிகவும் திணறுவது இதில்தான். அதனால் ஒரு வீட்டில் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீடு. அவருடைய வங்கித் தளம் மட்டும் வரவில்லை. மொபைல் டேட்டாவில் வந்தது. வைஃபையில் எந்தக் கருவியிலும் வரவில்லை. டிஎன்எஸ் சரியான முகவரியைத்தான் கொடுத்தது. பிரவுசர் பிழை எதையும் காட்டாமல், பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்தப்படுவதாகச் சொல்லிச் சுற்றிக்கொண்டே இருந்தது. இணைப்பு தொடங்குகிறது, ஆனால் முடியவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். இந்த உச்ச அளவைத்தான் எம்டியு என்கிறோம். பிபிபிஓஇ என்ற முறையில் யூசர்நேம் கொடுத்து இணையும் வீடுகளில், அந்த முறையே 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. தளத்தின் சர்வர் 1500 பைட் பாக்கெட்டை அனுப்பினால், உயரம் குறைந்த பாலத்தின் முன் லோடு லாரி நிற்பதுபோல அது இணைய நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். "சிறிதாக்கி அனுப்பு" என்று ஒரு தகவல் சர்வருக்குத் திரும்பப் போகும். பெரும்பாலான தளங்கள் அதைக் கேட்டுச் சிறிதாக்கிக்கொள்ளும். சில அலுவலகங்களின் ஃபயர்வால் பாதுகாப்பு என்று நினைத்து அந்தத் தகவலையே வெளியே நிறுத்திவிடும். சர்வருக்கு விஷயம் தெரியாது. அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். தொடக்கத்தில் போய் வரும் பாக்கெட்டுகள் சிறியவை என்பதால் தப்பிவிடும். சான்றிதழைச் சுமந்துவரும் பாக்கெட்டுகள் பெரியவை என்பதால் அங்கேதான் மாட்டும்.

லேப்டாப்பின் எம்டியுவை 1400ஆகக் குறைத்தோம். அடுத்த முறை அழுத்தியதுமே வங்கியின் பக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரவுட்டரைத் திறந்து பார்த்தால், பிபிபிஓஇ இணைப்புக்கு எம்டியு என்ற கட்டத்தில் யாரோ 1500 என்று போட்டு வைத்திருந்தார்கள். இணைப்பு தொடங்கும்போதே "இந்த அளவுக்கு மேல் அனுப்பாதே" என்று இரு முனைகளுக்கும் சொல்லும் எம்எஸ்எஸ் கணக்கும் அதனால் தவறாகப் போயிருந்தது. 1452 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 1460 போய்க்கொண்டிருந்தது. 1492 என்று மாற்றிச் சேமித்து, லேப்டாப்பைப் பழையபடி 1500க்குக் கொண்டுவந்த பிறகும் தளம் வந்தது. வேலை முடிந்ததற்கு இந்தக் கடைசிச் சோதனைதான் சாட்சி. லேப்டாப்பை 1400இலேயே விட்டுவிட்டு வந்திருந்தால், அந்த அம்மாவின் போனிலும் டேப்லெட்டிலும் கோளாறு அப்படியே இருந்திருக்கும்.

8. தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாணய வடிவ பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். இன்னொரு வகையும் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்காத பழைய கருவிகள் சிலவற்றில் அந்தச் சான்றிதழை நம்பிய தளங்கள் மட்டும் நின்றுபோயின, மற்றவை திறந்தன. பழைய டிவி, பழைய போன் என்றால் இதையும் மனதில் வையுங்கள். பணம் புழங்கும் தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், "பரவாயில்லை, உள்ளே போ" என்ற பொத்தானை அழுத்த எந்த வீட்டாரையும் பழக்கிவிடாதீர்கள்.

9. முகவரி பல வீடுகளுக்குப் பொதுவா என்று பாருங்கள்.

ஐபிவி4 முகவரிகள் போதாததால், நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அப்படிப்பட்ட இணைப்பு என்று கொள்ளலாம். அதே பொது முகவரியில் இருக்கும் யாரோ ஒருவரின் கணினி வைரஸ் பிடித்து ஒரு தளத்தைத் தொல்லை செய்தால், அந்தத் தளம் முகவரியையே தடுத்துவிடும். எந்தத் தவறும் செய்யாத வீட்டுக்கு 403 வரும். அல்லது நீங்கள் மனிதர்தானா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். ரவுட்டரில் எதை மாற்றினாலும் இது தீராது. நிறுவனத்திடம் பொது முகவரியை மாற்றித் தரக் கேளுங்கள்.

10. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

டிஎன்எஸ்ஸையும் மாற்றி, ஐபிவி6ஐயும் அணைத்து, ரவுட்டரையும் ரீஸ்டார்ட் செய்த பிறகு தளம் வந்தால், எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றை மாற்றுங்கள், பாருங்கள், எழுதுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பயன்படாத மாற்றத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தால் அதுவே நாளைக்கு இன்னொரு புகாராக முளைக்கும்.

11. மேலே புகார் கொடுத்தால் ஆதாரத்தோடு கொடுங்கள்.

வழியில்தான் கோளாறு என்பது சில நேரம் உண்மையாகவே இருக்கும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கச் செய்த வழி அறிவிப்பு வெளியே கசிந்தது. உலகின் பல பகுதிகளில் சுமார் 2 மணி நேரம் யூடியூப் மட்டும் காணாமல் போனது. அதுபோன்றதை வீட்டுக்குள் இருந்து சரிசெய்ய முடியாது. சரியான ஆளிடம் சொல்லத்தான் முடியும்.

"சைட் வரலை" என்று மட்டும் எழுதினால் அந்தப் புகாரை மூடிவிடுவார்கள். தளத்தின் பெயர், அதற்கு டிஎன்எஸ் கொடுத்த எண் முகவரி, வீட்டின் பொது முகவரி, சோதித்த நேரம், மொபைல் டேட்டாவில் வந்ததா, வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் கேட்டுப் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட்டை வீட்டிலிருந்து எடுத்த பதிவு எல்லாவற்றையும் எழுதுங்கள். டிரேஸ்ரூட்டில் நடுவே நட்சத்திரக் குறி வந்தாலே அங்கே அறுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல ரவுட்டர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. பாக்கெட்டை மட்டும் ஒழுங்காக அனுப்பிவிடும். அதற்குப் பின்னால் வரும் வரிகளில் பதில் இருந்தால் பாதை சரி.

12. வீட்டாரை மதியுங்கள்.

ஓடிபி, பாஸ்வேர்ட் எதையும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். தளம் வந்த பிறகு உள்ளே போவது அவர்களுடைய வேலை. அப்போது திரையிலிருந்து பார்வையை எடுத்துவிடுங்கள். வயதானவர்கள் "நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல" என்று தயங்கித்தான் பேச ஆரம்பிப்பார்கள். கோளாறு எதனால் என்று அவர்களுக்குப் புரியும் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். அவர்கள் மேல் தவறில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கிளம்பும் முன் அவர்கள் கையாலேயே, அவர்கள் போனில், வீட்டு வைஃபையில் அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வூதியம், தேர்வு விண்ணப்பம், மருத்துவமனை டோக்கன் எல்லாம் இப்போது ஏதாவது ஒரு தளத்தின் வழியாகத்தான் வீட்டுக்கு வருகின்றன. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் அந்த ஒன்று திறக்காவிட்டால், மற்ற ஆயிரம் தளம் திறந்து அந்த வீட்டுக்கு என்ன பயன்? ஆகவே இந்தப் புகாரைச் சின்னப் புகார் என்று தள்ளிப்போடாதீர்கள். ஃபைபர் அறுந்த வீட்டுக்கு எவ்வளவு வேகமாகப் போவீர்களோ, அதே வேகத்தில் இந்த வீட்டுக்கும் போங்கள்.